சஸ்பென்ஸ் கணக்கில் ஒரு பழி

வீட்டில் எந்தச் சாமான் ரிப்பேரானாலும் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘என்ன ஆச்சு?’ என்றுதானே சொல்வீர்கள்? அதுதான் இல்லை. ‘கடைசியா யார் தொட்டது?’

மிக்ஸி ஓடவில்லை, டி.வி. வரவில்லை, மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. எதுவானாலும் முதலில் நமக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் சிக்கிவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. மிக்ஸி என்னவோ அப்படியேதான் கிடக்கும். ஆனால் மனசு ஓட ஆரம்பித்துவிடும்.

ஆபீஸிலும் இதே கதைதான். கணக்கில் இடித்தால் கேஷியர். ஃபைல் காணோம் என்றால் பியூன். பையன் ஃபெயில் என்றால் அவன் அம்மா கொடுத்த செல்லம். குற்றம் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னாலேயே குற்றவாளி யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? அப்படிச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றிவிட்டது தத்துவப் புத்தகம் எதுவும் இல்லை. ஒரு பழைய அம்பாஸடர் காரின் பேட்டரி.

* * *

அம்பாஸடரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அச்சாக வைத்து, 1950-களின் இறுதியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்த வண்டி. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் மந்திரி, கலெக்டர், டாக்டர், கல்யாண மாப்பிள்ளை என்று எல்லாரையும் ஏற்றி இறக்கியது. அதன் ரசிகர்கள் இன்னும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். விடாமல் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு புலம்பல் உண்டு. “பேட்டரி நிக்க மாட்டேங்குது சார்.”

நான் படித்தது பி.காம். எனவே எனக்குத் தெரிந்த பாஷையில் இதைச் சொல்கிறேன். பேட்டரி சம்பாதிக்காது. அது சேமிப்புக் கணக்கு. காலையில் செல்ஃப் அடிக்கும்போது அதிலிருந்து ஒரே மூச்சில் பெரிய தொகையை எடுக்கிறோம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஃபேன் பெல்ட் சுற்றி, டைனமோவோ ஆல்டர்னேட்டரோ சம்பாதித்து அந்தப் பணத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். சம்பாத்தியம் நின்றாலும் சரி, சம்பாதித்தது கணக்குக்கு வந்து சேராமல் வழியில் ஒழுகினாலும் சரி, ஒரு நாள் கணக்கு காலியாகும். செக் திரும்பும். கெட்ட பெயர் யாருக்கு? பேட்டரிக்கு. ஏனென்றால் எல்லார் கண் முன்னாலும் விழுந்தது அதுதான்.

பழைய அம்பாஸடர்களில் டைனமோ இருக்கும். கூடவே கட்-அவுட். வண்டி ஐடிலில் நிற்கும்போது டைனமோவால் போதுமான வோல்டேஜ் தர முடியாது. அந்த நேரத்தில் இணைப்பு அப்படியே இருந்தால் பேட்டரியின் கரன்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடிவிடும். அதைத் தடுக்கிற வாட்ச்மேன்தான் கட்-அவுட். டைனமோ சுமார் 13 வோல்ட்டை எட்டினால் இணைப்பு சேரும். இறங்கினால் பிரியும். பிற்பாடு வந்த ஆல்டர்னேட்டரில் இந்த வேலையை டயோடுகள் பார்த்துக்கொள்கின்றன.

ஆக, சார்ஜ் ஏறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியவர்கள் ஒரு பட்டாளமே உண்டு. தொளதொளத்த பெல்ட், தேய்ந்த கார்பன் பிரஷ், கருகிய கட்-அவுட், போன டயோடு, தளர்ந்த டெர்மினல், துருப்பிடித்த எர்த், ராத்திரி முழுக்க யாருக்கும் தெரியாமல் டிக்கிக்குள் எரிந்துகொண்டிருக்கும் ஒரு பல்பு. இத்தனை பேர் இருந்தும் பெரும்பாலும் முதல் தண்டனை பேட்டரிக்குத்தான். ஏன்? அதை மாற்றுவது சுலபம். பத்து நிமிஷ வேலை. புதுசு போட்டதும் வண்டி ஜம்மென்று கிளம்பும். ‘பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல’ என்று தீர்ப்பு உறுதியாகிவிடும். சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து மறுபடி படுக்கும்போது, ‘இப்பல்லாம் பேட்டரியே தரமா வர்றதில்ல’ என்று அடுத்த தீர்ப்பு.

வெள்ளைக்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. பழைய பிரிட்டிஷ் கார் பிரியர்கள், பர்மிங்ஹாமின் ஜோசப் லூகாஸுக்கு ‘இருட்டின் இளவரசன்’ என்று பட்டம் கட்டி இன்னும் சிரிக்கிறார்கள். லைட் அணைந்தால் லூகாஸ், சார்ஜ் ஏறாவிட்டால் லூகாஸ். ஆனால் முப்பது நாற்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த வண்டியைக் கிளறிப் பார்த்தால், அடிக்கடி அகப்படுவது பச்சை பூத்த எர்த்தும் தளர்ந்த நட்டும்தான். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு யாரும் ஸ்பேனரை எடுப்பதில்லை.

* * *

காரைக்கால்மேடு, காரைக்கால் நகரை ஒட்டிய கடலோர மீனவ கிராமம். அங்கே உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் கொள்ளைப் பிரியம். என் நண்பரின் சித்தப்பா, அரசு வேலையிலிருந்து ரிட்டையராகி அங்கே வீடு கட்டிக்கொண்டு இருந்தார். அவரிடம் ஒரு மார்க் 2 அம்பாஸடர். டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டி. ஒன்றரை வருஷத்தில் மூன்று பேட்டரி மாற்றியிருந்தார்.

மூன்றாவது பேட்டரியும் முனக ஆரம்பித்தபோது அவருக்குச் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. வீட்டு வேலைக்கு ஒரு பையன் இருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். ராத்திரி போர்ட்டிகோவில், வண்டிக்குப் பக்கத்தில் படுப்பான். காலையில் வண்டியைத் துடைப்பான். சாவி அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் தொங்கும். வண்டியில் ரேடியோ உண்டு. போதாதா?

“ராத்திரி பூரா வண்டிக்குள்ள உக்காந்து காரைக்கால் பண்பலைல பாட்டு கேக்கறான். அதான் விடியறதுக்குள்ள பேட்டரி இறங்கிடுது.”

“சத்தியமா இல்லைங்கய்யா” என்றான் அவன். எந்தத் திருடன் ஒத்துக்கொண்டான்? தெருவில் நாலு பேர் பார்க்க வசவு வாங்கினான். அடுத்த வாரம் வேலையிலிருந்து நின்றான். நின்றான் என்பது மரியாதைக்குச் சொல்வது. நிறுத்தப்பட்டான்.

பையன் போன பிறகும் பேட்டரி இறங்கியது.

அப்புறம்தான் யாரோ சொல்லி, படகு இன்ஜின்களுக்கு வயரிங் பார்க்கும் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார்கள். அறுபதை ஒட்டிய வயசு. நானும் அன்றைக்கு அங்கே இருந்ததால் முழுக்க வேடிக்கை பார்த்தேன்.

அவர் வந்ததும் ‘யார் தொட்டது’ என்று கேட்கவில்லை. “எப்ப எப்ப படுக்குது? சும்மா நின்னாலும் இறங்குதா, ஓட்டினாலும் இறங்குதா?” என்று கேட்டார். பேட்டரியைச் சும்மா அளந்தார். 12.3 வோல்ட். முழுசாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அரை அங்குலத்துக்கு அமுங்கியது. சரிதான்.

“செல்ஃப் அடிங்கய்யா.”

வண்டி முனகிக்கொண்டே கிளம்பியது. அவர் கை இன்ஜின் பக்கம் போகிற சோக் கேபிளின் மேல் இருந்தது. “இவன் எதுக்கு சுடறான்?” என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டு, ரேஸ் கொடுக்கச் சொன்னார். ஆல்டர்னேட்டர் மேலேயே மீட்டரை வைத்து அளந்தார். 14.2. “இவரு மேல தப்பில்ல. ஒழுங்கா சம்பாதிக்கிறாரு.” பேட்டரியில் அளந்தார். 13.3. கொடுத்தவரிடம் 14.2, வாங்கினவரிடம் 13.3. நடுவில் 0.9 வோல்ட்டைக் காணோம். பாசிட்டிவ் வயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். இழப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பிறகு ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். 0.9.

சிரித்துவிட்டுக் கீழே குனிந்தார். இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் வயர். நாடா மாதிரி பின்னிய செம்பு. அது போல்ட்டில் சேருகிற இடத்தைச் சுரண்டினார். கிரீஸுக்கும் அழுக்குக்கும் அடியில் பச்சைப் பசேலென்று பூத்திருந்தது. பெயருக்கு நாலு இழை பிடித்துக்கொண்டிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது நாடா மாட்டி, வாசலைனைத் தடவி முறுக்கினார். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. மறுபடி அளந்தபோது பேட்டரியில் 14.1. மறுபடி ஸ்டார்ட் பண்ணியபோது சோக் கேபிள் சுடவில்லை.

* * *

அன்றைக்கு அந்த இன்ஜின் பெட்டிக்குள் பார்த்ததை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில், அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஆல்டர்னேட்டரைக் கேட்டால் ‘நான் 14.2 கொடுத்தேன்’ என்கிறது. நிஜம். பேட்டரியைக் கேட்டால் ‘எனக்கு அவ்வளவு வரவில்லை’ என்கிறது. அதுவும் நிஜம். மாமியாரும் மருமகளும் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்லும்போது, இரண்டில் ஒருவர் புளுகுகிறார் என்றுதான் நமக்குத் தோன்றும். இரண்டு பேரும் உண்மை பேசி, நடுவில் உள்ள ஏதோ ஒன்று தின்றுவிட்டிருக்கலாம் என்று தோன்றுவதில்லை. அந்த நடுவில் மீட்டரை வைக்க ஒரு பொறுமை வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, சோக் கேபிள். அது சோக்கை இழுக்க மட்டும் செய்யப்பட்ட கம்பி. செல்ஃப் மோட்டார் இழுக்கிற பெரிய கரன்ட் எர்த் நாடா வழியாகத் திரும்ப வேண்டும். நாடா கைவிட்டதும் கரன்ட் இன்னொரு வழி தேடி இந்த அப்பாவிக் கம்பி வழியாக ஓடியிருக்கிறது. தன் வேலையே இல்லாத சுமையைச் சுமந்ததால் அது சூடாகிறது. வீட்டிலும் ஆபீஸிலும் யார் எரிந்து எரிந்து விழுகிறாரோ அவரைத்தான் கோளாறு பிடித்தவர் என்கிறோம். யார் செய்யாமல் விட்ட வேலையை அவர் சுமக்கிறார் என்று பார்ப்பதில்லை. ‘இவன் எதுக்கு சுடறான்?’ எவ்வளவு அருமையான கேள்வி!

மூன்றாவதுதான் முக்கியம். அதற்கு முன் வந்த ஒரு எலெக்ட்ரீஷியனும் அதே எர்த் வயரைச் சோதித்தாராம். மீட்டரை பஸ்ஸரில் வைத்து இரண்டு முனையையும் தொட்டாராம். ‘பீப்’ என்று சத்தம் வந்ததாம். வயர் ஓகே என்று போய்விட்டாராம். அவரும் பொய் சொல்லவில்லை. நாலே இழை மிச்சமிருந்தாலும் பஸ்ஸர் கத்தத்தான் செய்யும். அந்தச் சோதனைக்கு ஓடுகிற கரன்ட் கொசு அளவு. முப்பது ஆம்பியர் ஓடும்போதுதான் அந்த வயரின் லட்சணம் தெரியும்.

இதன் சூத்திரத்தை ஜெர்மன்காரர் ஓம் 1827-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். வோல்டேஜ் இழப்பு என்பது மின்தடையைக் கரன்ட்டால் பெருக்கினால் வருவது. கரன்ட் ஓடாவிட்டால் இழப்பும் இல்லை. அதாவது சும்மா இருக்கும்போது எல்லா வயரும் நல்ல வயர்தான். (ஓமின் புத்தகத்துக்குச் சொந்த நாட்டில் முதலில் நல்ல வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் காப்ளி பதக்கம் கொடுத்து மரியாதை செய்தது. அவருக்கும் தீர்ப்பு முதலில், சோதனை பிற்பாடு!)

மனிதர்களை நாம் எப்படி அளக்கிறோம்? பெரும்பாலும் பஸ்ஸர் வைத்துத்தான். நாலு வார்த்தை பேசிப் பார்க்கிறோம். பீப். நல்ல மனுஷன். சுமையே ஏறாத ஆளின் நேர்மையும் பொறுமையும் வெறும் யூகம். அதே மாதிரி, பெரிய சுமையில் ஒருவர் தடுமாறுவதைப் பார்த்து ‘இவர் சரியில்லை’ என்று சுமையே இல்லாதவரோடு ஒப்பிடுவதும் அநியாயம். எவ்வளவு ஆம்பியர் ஓடும்போது அளந்தாய் என்று சொல்லாமல் வோல்டேஜை மட்டும் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. டாஷ்போர்டில் இருக்கிற சிவப்பு சார்ஜ் லைட். வண்டி கிளம்பியதும் அது அணைந்தது. எனவே சார்ஜ் ஏறுகிறது என்று சித்தப்பா நம்பினார். அந்த லைட்டுக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். அதன் ஒரு பக்கம் இக்னிஷன் ஸ்விட்ச், மறுபக்கம் ஆல்டர்னேட்டர். இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமாக இருந்தால் அணைந்துவிடும். எர்த் பக்கம் என்ன களேபரம் நடந்தாலும் அதற்குத் தெரியாது. அணைந்த விளக்குக்கு ‘எல்லாம் சரி’ என்று அர்த்தம் கிடையாது. ‘எனக்குத் தெரிந்தவரை ஒன்றும் இல்லை’ என்பதுதான் அர்த்தம்.

காரைக்கால்மேட்டுக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்து, அலை இந்தக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை மையம் பல வருஷமாகவே இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. இங்கே சிவப்பு விளக்கு எரியவில்லை, ஏனென்றால் விளக்கே மாட்டப்படவில்லை. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் வந்தது. அந்தக் காலை கடலைத் திட்டியவர்கள் உண்டு, கடவுளைத் திட்டியவர்கள் உண்டு. கண் முன்னால் தெரிந்தது அவைதானே.

* * *

சோதனை, சோதனை என்கிறேன். சோதனையிலும் நல்லது கெட்டது உண்டு. டைனமோ காலத்து மெக்கானிக்குகளிடம் ஒரு வித்தை இருந்தது. ஓடுகிற வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுவார்கள். வண்டி நிற்காமல் ஓடினால் சார்ஜ் இருக்கிறது என்று அர்த்தம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அதே வித்தையைச் செய்தால் வோல்டேஜ் எகிறி டயோடுகள் போய்விடும். நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டு, ‘பார்த்தீங்களா, ஆல்டர்னேட்டர்தான் போச்சு’ என்று கண்டுபிடிக்கிற சோதனை அது.

நாமும் செய்கிறோம். வேலைக்காரம்மா கை சுத்தமா என்று பார்க்க ரூபாய் நோட்டை வேண்டுமென்றே மேஜையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பொண்டாட்டியின் செல்போனைத் திருட்டுத்தனமாக நோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனையில் அவர்கள் பாஸ் பண்ணினாலும் நடுவில் இருந்த நம்பிக்கை கருகிவிடுகிறது. சோதிப்பவருக்கும் ஒரு ஒழுக்கம் வேண்டும். சோதிக்கப்படுகிற பொருள், சோதனைக்குப் பிறகு முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். படகு எலெக்ட்ரீஷியன் கடைசி வரை எதையும் கழற்றவே இல்லை, கவனித்தீர்களா? குற்றம் எது என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரையே எடுத்தார்.

இன்னொரு கொடுமை. சார்ஜ் குறைவாகவே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, நாளாக ஆகக் கெட்டியாகிவிடும். அப்புறம் அது நிஜமாகவே கெட்ட பேட்டரிதான். சித்தப்பாவின் முதல் இரண்டு பேட்டரிகளும் அப்படித்தான் பழைய பேட்டரி விலைக்குப் போயிருக்க வேண்டும். தர வேண்டியதைத் தராமல் பட்டினி போட்டு, ‘இவன் உருப்பட மாட்டான்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் நாம் சொன்னது பலித்துவிடும். அதைப் பார்த்து, ‘நான் அன்னிக்கே சொல்லலை?’ என்று பெருமையடித்துக்கொள்ளவும் செய்வோம்.

காரைக்காலிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் தரங்கம்பாடி. அதையும் தாண்டினால் பூம்புகார். கண்ணகியும் கோவலனும் கிளம்பிய ஊர். சிலப்பதிகாரக் கதையை இந்தக் கோணத்தில் பாருங்கள். பாண்டியன் ஒன்றும் கொடுங்கோலன் இல்லை. அரசியின் சிலம்பு காணோம். பொற்கொல்லன் ஓர் ஆளைக் காட்டினான். கையில் சிலம்பு இருந்தது. தண்டனை முடிந்தது. தன் அரசியின் சிலம்புக்குள் இருப்பது முத்து என்று அரசனுக்குத் தெரியும். கோவலன் கையில் இருந்ததற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மாணிக்கம் வெளியே வந்திருக்கும். அந்தச் சோதனை நடக்கத்தான் நடந்தது. ஆனால் கோவலன் செத்த பிறகு, கண்ணகி வந்து கேட்ட பிறகு நடந்தது. சில நிமிஷச் சோதனையைத் தண்டனைக்கு முன்னால் செய்வதா, பின்னால் செய்வதா என்பதில்தான் ஒரு காப்பியமே இருக்கிறது. தன் தவறு தெரிந்த நொடியில் அந்த அரசன் உயிரை விட்டான். நாம் அப்படியெல்லாம் விடுவதில்லை. அடுத்த பேட்டரி வாங்கப் போய்விடுகிறோம்.

* * *

‘எல்லாவற்றுக்கும் மீட்டர் வைத்து அளந்துகொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பேட்டரியை மாற்றுவதைவிடக் கோளாறைத் தேடுவதற்கு அதிகக் கூலி ஆகிற சமயம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டும், வண்டி கிளம்பவில்லை என்றால் நின்று ஆராய்ச்சி செய்ய முடியாது.

வேண்டாம். நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்கள். தள்ளுவதற்கு ஒரு குற்றவாளி தேவையில்லையே! அவசரமாகச் செயல்பட வேண்டியது வேறு, அவசரமாகப் பழி போடுவது வேறு. இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். காரியம் காத்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். பழி தாராளமாகக் காத்திருக்கும்.

அது எங்கே காத்திருக்க வேண்டும் என்பதற்கு பி.காமில் ஒரு விடை சொல்லிக் கொடுத்தார்கள். இருப்பாய்வில் பற்றும் வரவும் இடித்தால், கணக்கு எழுதுகிறவர் அந்த வித்தியாசத்தைக் கண்ணில் பட்ட யாரோ ஒருவர் தலையில் எழுத மாட்டார். சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்றைத் திறந்து அதில் வைப்பார். ‘இவ்வளவு இடிக்கிறது, ஏன் என்று இன்னும் தெரியவில்லை’ என்பதை மானத்தோடு எழுதிவைக்கிற இடம் அது. தெரியாததைத் தெரியாது என்று எழுத ஒரு தனிப் பக்கம்! மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதைச் சேர்க்கலாம் என்பது என் கட்சி. கூடவே இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்கள். இருப்பாய்வு டேலி ஆகிவிட்டதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒன்றை ஒன்று ஈடுகட்டும் பிழைகள் உள்ளே படுத்திருக்கலாம். அணைந்திருக்கும் சார்ஜ் லைட் மாதிரி.

சஸ்பென்ஸ் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருக்கக் கூடாது. ஆடிட்டர் கேட்பார். தேடிக் கண்டுபிடித்து முடித்தாக வேண்டும். ‘யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்’ என்று பெருந்தன்மையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் சோம்பேறித்தனம்தான். அந்தப் பெருந்தன்மையில் மறைந்துகொண்டு எத்தனையோ நிஜமான திருடர்கள் சௌகரியமாக வாழ்கிறார்கள். பழியை ஒத்திவைக்கலாம். தேடலை ஒத்திவைக்கக் கூடாது.

* * *

சரி, அந்தப் பையன்?

எர்த் நாடாவை முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியனிடம், சித்தப்பா ஏதோ பேச்சுவாக்கில் அவன் கதையையும் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார். “அந்தப் புள்ளைகிட்ட யாராச்சும் சொன்னீங்களாய்யா?”

“சொல்லிக்கலாம். அதான் சரியாயிடுச்சே.”

வண்டி சரியாகிவிட்டது. அதில் சந்தேகமில்லை. பிற்பாடு, ‘வேலைக்கு வரச் சொல்லு’ என்று ஆள் விட்டிருக்கிறார். அவன் வரவில்லை. படகுக்குப் போக ஆரம்பித்துவிட்டானாம். ஆள் விட்டவர் காரணம் சொல்லி அனுப்பவில்லை. திரும்பி வா என்றாரே தவிர, உன் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவர் நினைத்திருக்கலாம். பேட்டரியில் பிரச்னை இல்லை. வயரை மாற்றினால் பேட்டரிக்கு மனஸ்தாபம் ஏதும் மிஞ்சாது. மனிதனுக்கு அப்படி இல்லை. காரைக்கால்மேடு போன்ற, எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில், ‘வண்டி சாவியை எடுத்தவன்’ என்கிற பெயர் அந்த எர்த் போல்ட்டில் பூத்த பச்சை மாதிரி. வெளியே தெரியாது. அடுத்த வேலைக்குப் போகும்போது, பெண் கேட்கப் போகும்போது, சுமை ஏறுகிற நேரத்தில் தடுக்கும்.

இதற்கும் கணக்குப் பாடத்தில் விதி இருக்கிறது. தப்பாக எழுதிய பதிவை ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. பேனாவால் அடித்து மறைக்கவும் கூடாது. திருத்தப் பதிவு என்று இன்னொரு பதிவு எழுத வேண்டும். என்ன தப்பு நடந்தது, எப்படிச் சரி செய்கிறோம் என்று காரணத்தோடு, தேதி போட்டு, பின்னால் படிப்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். 

நாமோ, பழியைத் தெருவில் வைத்து எழுதுகிறோம். திருத்தத்தை மனசுக்குள் எழுதிக்கொள்கிறோம். ரொம்ப நல்லவராக இருந்தால், ஆளைத் தனியே கூப்பிட்டு ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்து, ‘அதெல்லாம் மனசுல வச்சுக்காதே’ என்கிறோம். அவன் மனசில் வைக்காமல் இருக்கலாம். ஊர் மனசில் இருப்பதை யார் அழிப்பது? நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். முடிந்தால் அதே நாலு பேர் முன்னால்.

கூச்சமாகத்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் அளந்து பாருங்கள். ஒரு கேள்வி கேட்பதற்கு ஆகிற கூச்சம், நடுத்தெருவில் திருத்தப் பதிவு எழுதுவதற்கு ஆகிற கூச்சத்தைவிடக் கண்டிப்பாகக் குறைவு.